இறால் தின்ற கார்

இறால் தின்று ஓடிய கார் ஒன்று இந்த உலகத்தில் இருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பெட்ரோல் குடித்தது, இறால் தின்றது, தின்ற தெம்பில் ஆந்திரா எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வயலில் இறங்கி ஏப்பமும் விட்டது. ஏப்பத்தில் மிளகாய்த்தூள் வாசனை வந்தது என்றும் சொல்லுவேன். அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டாம். மிளகாய்த்தூள் நான் சேர்த்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆதிநாராயணன் என்று பெயர். புதுவாயலில் எல்லோருக்கும் நைனா. நான் ஓய்வு பெற்ற கையோடுதான் கல்கத்தா ரோட்டை நாலு வழியாக்கினார்கள். எனக்காகத்தான் ஆக்கினார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் பழைய ரோட்டில் லாரிகள் முட்டி மோதிக்கொண்டு போக, மறு பக்கம் புது ரோடு தார் மணக்கப் படுத்துக் கிடந்தது. இன்னும் திறக்கவில்லை. அதில் பிள்ளைகள் சைக்கிள் பழகினார்கள், ஆரம்பாக்கத்துப் பெண்கள் நெல் காய வைத்தார்கள், ஆடுகள் அசை போட்டன. அவ்வளவு அகலமான, அவ்வளவு காலியான ரோட்டை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இப்போது அதே இடத்தில் டோல் கேட்டில் நின்று இருமுகிறோம்.

அந்த நாளில் புதுவாயல் கூட்டு ரோட்டில் ஹபிபுல்லா பாய்க்கு ஒரு குடோன் இருந்தது. பாய் பழவேற்காட்டுக்காரர், இறால் வியாபாரி. விடியற்காலையில் பழவேற்காட்டில் எடுத்த இறாலை ஐஸ் போட்டு, புதுவாயல் வழியாக சென்னைக்கு அனுப்புவார். குடோன் என்னமோ பல வருஷமாகப் பூட்டித்தான் கிடந்தது. அவர் மகன் நியாஸுக்கு அந்த குடோன் மேல் ஒரு கண்.

நியாஸ் சிங்கப்பூரில் கார் ஒர்க் ஷாப் ஒன்றில் இருந்தவன். கல்யாணத்துக்கு லீவில் வந்தவன், பர்ஹானாவைக் கட்டிக்கொண்டு, திரும்பிப் போக மனசில்லாமல் ஊரிலேயே சுற்றிக்கொண்டிருந்தான். பழைய முதலாளி விசா அனுப்பிவிட்டார், டிக்கெட்டும் வந்துவிட்டது. பர்ஹானாவுக்கு அப்போது வாந்தி தொடங்கியிருந்த மாதம். பையன் போனால் பிள்ளை நடக்கும்போதுதான் வருவான். அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: குடோனை எனக்குக் கொடுங்கள், கார்களை வேகமாக்கும் கடை வைக்கிறேன்.

வேகமாக்க அவன் வைத்திருந்த சாமான் ஒரு குழாய்.

பெட்டியைப் பிரித்து டீக்கடை பெஞ்சில் பாய்க்கு முன்னால் வைத்தான். பளபளவென்று வளைந்த அலுமினியக் குழாய், அதன் வாயில் சிவப்பாக ஒரு கூம்பு ஃபில்டர். கல்யாண வீட்டில் ஊதுகிற நாதஸ்வரத்தைத் தலைகீழாக வளைத்தது போல இருந்தது.

"இதான் வாப்பா, கோல்ட் ஏர் இன்டேக்" என்றான். "கம்பெனிக்காரன் வெச்ச ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்துட்டு இத்த மாட்டணும். இன்ஜின் ஜில்லுனு நிறைய காத்து இழுக்கும். காத்து எவ்ளோ ஜில்லுனு இருக்குதோ அவ்ளோ பவரு."

பாய் குழாயைக் கையில் வாங்கி, தட்டிப் பார்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். மறு முனையில் நான் தெரிந்தேன்.

"கார் செஞ்ச ஜப்பான்காரனுக்குத் தெரியாததா உனுக்குத் தெரிஞ்சிபோச்சி?"

"அவன் சத்தம் வரக்கூடாதுன்னு பார்ப்பான் வாப்பா. நான் வேகம் பார்க்கறேன்."

"நம்ம இறால் வண்டிகூடத்தான் வேகமா போவுது. சாலமோன் இன்னா குழாயா மாட்டிக்கினான்?"

இறால் வண்டி டிரைவர் சாலமோன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "எனுக்குக் குழாய் வாணாம் பாய். ஐஸ் உருகுதுன்னு நெனச்சாலே காலு தானா அழுத்தும்."

பாய் சந்தேகப் பிராணி. தராசை நம்பாமல் கையால் தூக்கிப் பார்ப்பார், கையை நம்பாமல் மறுபடி தராசில் வைப்பார். பிறை தெரிகிறது என்று ஊரே சொன்னாலும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தானே பார்ப்பார். அப்படிப்பட்டவர் ஒரு பந்தயம் வைத்தார்.

பையனிடமும் அவருடைய அக்கா மகன் அஹ்சனிடமும் ஒரே மாதிரி இரண்டு கார்கள் இருந்தன. துறைமுக ஏலத்தில் எடுத்தவை. ஒரே கன்டெய்னரில் வந்த இரட்டைப் பிள்ளைகள். இரண்டு கதவு, தரையோடு தரையாகப் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்கள். நியாஸுடையது சிவப்பு, அஹ்சனுடையது வெள்ளை. தார் ரோட்டில் ஒரு பீடித்துண்டு கிடந்தால்கூட சுற்றிக்கொண்டு போகும், அவ்வளவு தாழ்வு.

"செவப்புல குழாய மாட்டு. வெள்ளை வெள்ளையாவே இருக்கட்டும்" என்றார் பாய். "புது ரோட்ல ரெண்டையும் ஓட்டுங்க. குழாய் ஜெயிச்சா குடோன் சாவி உனுக்கு. இல்லாங்காட்டி, வாய மூடிக்கினு ஏரோப்ளேன் ஏறு."

"யாரு தீர்ப்பு சொல்றது?" என்றான் அஹ்சன்.

பாய் என்னைக் காட்டினார். "நைனா சொல்லட்டும்."

"நைனா பொய் சொல்லுவாரே மாமா."

"சொல்லுவாரு. ரெண்டு பக்கத்துக்கும் சமமா சொல்லுவாரு."

இதைவிட நல்ல சான்றிதழ் ஆலையில்கூட எனக்குக் கொடுக்கவில்லை. அத்தோடு என் கண்ணைப் பற்றியும் பாய்க்குத் தெரியும். உலையிலிருந்து செக்கச் சிவந்த கம்பிகள் பாம்பு போலச் சீறி வரும்போது எது ஒரு நூல் முன்னால் வருகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலைதான் ஆயுசு முழுக்க நான் செய்தது. சில நாள் கம்பி வருவதற்கு முன்பே பார்த்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்திரை வெயில் நாஷ்டா நேரத்துக்கே மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆரம்பாக்கத்துப் பக்கம் ரோட்டில் இருந்த ஆடுகளை மரியாதையாக ஓரம் கட்டினோம். தொடக்கத்தில் துண்டோடு சாலமோன். முடிவில் ஒரு தார் டிரம் பக்கத்தில் நான். எனக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ரோடு தீர்ந்துபோகும். கல்வெர்ட்டுப் பாலம் கட்டிக்கொண்டிருந்ததால் மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு பாய். இறால் வண்டியின் நிழலில் பர்ஹானா. அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

சாலமோன் துண்டை ஆட்டினான்.

அந்தச் சிவப்புக் காரின் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. பழைய சத்தம் கொட்டாவி என்றால் இது கர்ஜனை. ஆலைச் சங்கு வெட்கப்பட்டு அன்று மத்தியானம் ஊதவில்லை. எல்லை தாண்டித் தடா வரைக்கும் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திக்கொண்டன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவன் சிவப்பு ஒரு மைல் முன்னால் வருகிறது என்று குரானிலும் கீதையிலும் கை வைத்துச் சத்தியம் செய்திருப்பான்.

நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். வெள்ளைக் காரின் மூக்கு முதலில் வந்தது. அரை மூக்குதான். ஆனால் வெள்ளை.

பாய் குடையை மடக்கினார். "சத்தம் ஜெயிச்சிது. காரு தோத்துச்சி" என்றார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை என்பதை நான் பார்த்தேன். பையன் இருந்தால் நல்லது என்றுதான் அவருக்கும் இருந்தது. ஆனால் அதற்காக அரை மூக்கை விட்டுக்கொடுக்க மாட்டார்.

நியாஸ் இறங்கி வந்து பானெட்டைத் திறந்துவிட்டு அப்படியே நின்றான். பர்ஹானா எழுந்து வந்தாள். என்ன ஏது என்று கேட்காமல் குழாயில் கை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்து விரலை ஊதிக்கொண்டாள்.

"இதுக்குப் பேரா குளிர் காத்துக் குழாய்? தோசைக்கல்லு மாதிரி இருக்குது."

"இன்ஜின் பக்கத்துல இருக்குதுல்ல, சுடத்தான் செய்யும்" என்றான் நியாஸ்.

"அப்போ அந்தச் சூட்டுக் காத்தைத்தானே அது இழுக்குது? அடுப்படில உக்காத்தி வெச்சிட்டு ஏன் மூச்சு வாங்குதுன்னு கேட்டா எப்டி?"

பர்ஹானா பிறந்த வீடு பழவேற்காட்டில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்த வீடு. ஜில்லென்று இருக்க வேண்டிய எதுவும் ஜில்லென்று இல்லாவிட்டால் அவளுக்குத் தாங்காது. நேராக மாமனாரிடம் போனாள்.

"மாமா, இன்னொரு வாட்டி ஓட்டணும்."

"ஒரே ஓட்டம்னு பேச்சு."

"ஐஸே போடாம ஒருத்தன் சரக்கு அனுப்பறான். போய்ச் சேந்தப்போ கெட்டுப் போச்சி. இறாலே கெட்ட சாமான்னு சொல்லுவீங்களா, ஐஸ் போடாதவனை வைவீங்களா?"

வாழ்நாள் முழுக்க பாய் மற்றவர்களைக் கேட்ட கேள்வியை அவர் வீட்டுப் பெண்ணே அவரைக் கேட்டுவிட்டாள். தாடியைத் தடவினார்.

"ஐஸுக்கு எங்க போவ?"

பர்ஹானா கையை நீட்டி இறால் வண்டியைக் காட்டினாள்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. உலகத்தில் மற்ற எவனுக்காவது குளிர் காற்று வேண்டுமென்றால் குழாயை பம்பருக்குக் கீழே நீட்டி வெளிக்காற்று பிடித்திருப்பான். நியாஸுக்கே சிங்கப்பூரில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கான நீளக் குழாய் கையில் இல்லை என்பதால்தான் குட்டையை மாட்டினான். ஆனால் பழவேற்காட்டுக்காரனுக்குக் குளிர் என்றால் ஐஸ். ஐஸ் என்றால் இறால் பெட்டி. அதற்கு மேல் அவனுக்கு யோசனை ஓடாது. யாருக்கும் அதில் தப்பும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, நான் இன்னும் பெரிய பெட்டியாக எடுங்கள் என்றேன்.

பானெட்டைக் கழற்றி வண்டி மேல் சாய்த்தார்கள். சிவப்புக் கூம்பைக் கழற்றிவிட்டு, வண்டி கழுவத் தண்ணீர் இழுக்கிற பம்புக் குழாயைச் சாலமோன் கொண்டுவந்தான். வரி வரியாக, பாம்பு மாதிரி, இழுத்தால் சுருங்காத குழாய். ஒரு முனையை இன்டேக்கில் செருகி வளையம் போட்டு முறுக்கினார்கள். மறு முனை கண்ணாடி இறக்கிய ஜன்னல் வழியாக காருக்குள் போய், இடது சீட்டில் வைத்த தெர்மோகோல் பெட்டிக்குள் நுழைந்தது. பெட்டி நிறைய உடைத்த ஐஸ். காற்று உள்ளே வர எதிர்ப்பக்கம் ஓட்டை. பெட்டி ஆடக்கூடாது என்று பர்ஹானா அதற்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டாள். பொண்டாட்டி உட்கார வேண்டிய இடத்தில் இறால் பெட்டி மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

"ஃபில்டர் இல்லாம ஐஸ் கட்டி உள்ள போயிடப் போவுது" என்றேன்.

"அதுக்குத்தான் வலை கட்டிக்கிறேன் நைனா" என்றான் சாலமோன். குழாய் வாயில் இறால் வலைத் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தான். "இறாலையே விடாத வலை. ஐஸை விட்டுடுமா?"

"பெட்டில இறால் இருக்குதா?"

"எல்லாத்தையும் வேற பெட்டிக்கு மாத்திட்டேன். சுத்தமா காலி. இன்னா நைனா, நானு இன்னா நேத்து பொறந்தவனா?"

இறாலை எப்படி அடுக்குவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே சிரிப்பு வந்திருக்கும். ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு இறால், மறுபடி ஐஸ். அவசரத்தில் மேலடுக்குகளை வாரிவிட்டு, அடி ஐஸோடு ஐஸாக ஒட்டிக்கொண்டு கிடப்பதை எவன் பார்க்கிறான்?

பாய் புதுசாக ஒரு நிபந்தனை போட்டார். "அஹ்சன் வண்டில நானும் ஏறுவேன். மச்சானுக்காக இவன் கால எடுத்துட்டான்னா?"

"மாமா, வெயிட்டு ஏறினா எனக்கு ஸ்பீடு கொறையும்."

"அவன் வண்டில ஐஸ் பெட்டி இல்ல? அதுவும் நானும் ஒரே வெயிட்டு."

அது பொய். பாயின் வயிறு மட்டுமே அந்தப் பெட்டிக்கு அண்ணன். அதனால் பர்ஹானாவே வண்டியிலிருந்து இன்னும் ஒரு ஐஸ் மூட்டையைக் கொண்டுவரச் சொல்லி சிவப்புக் காரின் டிக்கியில் போட வைத்தாள். பாய் மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வெள்ளைக் காரில் ஏறினார். ஏறினார் என்பதைவிட இறங்கினார் என்று சொல்ல வேண்டும், சீட்டு அவ்வளவு கீழே.

நான் டிரம் பக்கத்தில் நின்றேன். இந்த முறை பர்ஹானா நிழலில் உட்காரவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று ரோட்டையே பார்த்தாள்.

"நைனா, பொய் சொல்லாதீங்க" என்றாள். "எது வந்தாலும், வந்ததை அப்டியே சொல்லுங்க."

என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கஷ்டத்தை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

தூரத்தில் துண்டு அசைந்தது. இந்தத் தடவை கர்ஜனை இல்லை. பம்புக் குழாய் சத்தத்தை விழுங்கிவிட்டது. ஒரு மாதிரி உறிஞ்சுகிற சத்தம், ஊரே சேர்ந்து ரசம் குடிப்பது போல. இரண்டும் ஒட்டிக்கொண்டே வந்தன. பாதி தூரம் வரைக்கும் ஒரே தட்டில் வைத்த இரண்டு இட்லி மாதிரி. பிறகு சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக, மாடு மூக்கணாங்கயிற்றை இழுப்பது போல, முன்னால் நகர்ந்தது. வெள்ளைக் காருக்குள்ளிருந்து பாயின் குரல் காற்றில் வந்தது: "மிதிடா! இன்னும் மிதிடா!" அவர் தன் காலையும் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தார் என்று அஹ்சன் பிறகு சொன்னான்.

என் டிரம்மைத் தாண்டும்போது சிவப்பு ஒரு முழுக் காரின் நீளம் முன்னால் இருந்தது. ஊரில் நான் மூன்று கார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பர்ஹானா கேட்டுக்கொண்டதால் இங்கே ஒன்று என்று எழுதுகிறேன்.

வெள்ளை நின்றது. சிவப்பு நிற்கவில்லை.

நியாஸ் காலை எடுத்துவிட்டான். எடுத்ததை இன்ஜின் மதிக்கவில்லை. மிதித்தபடியே இருப்பது போல அலறிக்கொண்டு போனது. கிளட்ச்சை அழுத்தினான், சாவியைத் திருப்பினான், பிரேக்கை நசுக்கினான். அதற்குள் ரோடு தீர்ந்துவிட்டது. மண் குவியலுக்குப் பக்கத்துச் சரிவில் கார் இறங்கி, அறுப்பு முடிந்த வயலில் கதிர்த்தாளை உழுதுகொண்டு போய், ஒரு வரப்பில் மூக்கை வைத்துப் படுத்தது. டயர் எழுப்பிய புழுதி ஆந்திராவில் போய் மழையாகப் பெய்தது.

பர்ஹானா ஓடினாள். செருப்பு ஒன்று தாரிலேயே நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேரும்போது நியாஸ் கதவைத் திறந்துகொண்டு, உடம்பெல்லாம் ஐஸ் துண்டாக இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு கீறல்கூட இல்லை. அவள் அவன் சட்டையிலிருந்த ஐஸை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

வரப்பில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த கன்னியம்மா, அந்த வயலுக்குச் சொந்தக்காரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"யாரு நைனா அது, நடு வயல்ல இறால் வறுக்கறது?"

அப்போதுதான் எங்களுக்கும் அந்த வாசனை தெரிந்தது.

பாய் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மகனை ஒரு முறை தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு வியாபாரி ஆகிவிட்டார்.

"செல்லாது" என்றார். "பிரேக் இல்லாத வண்டி ஜெயிச்சா ஜெயிப்பா?"

"பிரேக் இருக்குது வாப்பா. ஆக்ஸிலேட்டர்தான் மாட்டிக்கிச்சி."

"அப்போ அதுனாலதான் முன்னாடி போச்சி."

நியாஸ் குழாயைக் கழற்றினான். பெட்டிக்குள் வலைத் துண்டு முடிச்சு அவிழ்ந்து தனியாகக் கிடந்தது. இன்ஜின் காற்று இழுக்கிற வாயில், காசு மாதிரி வட்டமாக ஒரு தகடு இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். அந்தத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இறால், தலை போய், வெந்து சிவந்து, வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூட விடாமல் அதுதான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. தலை இன்ஜினுக்குள் போய்விட்டது.

சாலமோன் எட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். "அது நம்ம பெட்டிது இல்ல நைனா. வயல்லேந்து ஏறியிருக்கும்."

"ஆமா, நெல்லுல காய்ச்சிது" என்றேன்.

பாய் குனிந்து வாலைப் பிடித்து மெதுவாக இழுத்தார். உள்ளங்கையில் வைத்தார், புரட்டினார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வரிகளைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். மற்ற யார் சொன்னாலும் நம்பாத மனிதர் கையில் அவருடைய சரக்கே சாட்சியாக வந்து உட்கார்ந்திருந்தது.

"காலைல எடுத்த சரக்கு" என்றார் முணுமுணுப்பாக.

அவர் நியாஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் அன்று ஒரே ஒரு உண்மை வைத்திருந்தேன், அதைச் சொன்னேன்.

"பாய், மிதிச்சிக்கினு போற வரைக்கும் அந்தத் தகடு தொறந்துதான் இருக்கும். இறால் புடிச்சாலும் ஒண்ணுதான், புடிக்காட்டியும் ஒண்ணுதான். கால எடுத்த அப்புறம்தான் அதுக்கு வேலை. டிரம்மைத் தாண்டற வரைக்கும் பையன் கால எடுக்கல."

"தெரியும்" என்றார் பாய். "நானு பக்கத்துல இருந்துக்கினுதான் வந்தேன். இவன் டயரு என் கண்ணு முன்னாடி முன்னாடி போவுது, எங்க அக்கா மவன் மிதிக்கறான், நானும் மிதிக்கறேன், ஒண்ணும் நடக்கல." வாலை இன்னொரு தடவை புரட்டிவிட்டு, "ஆனா ஜெயிச்சது குழாய் இல்ல. ஐஸு."

"அத்தத்தான் வாப்பா நானும் சொல்றேன்" என்றான் நியாஸ். "குழாயால ஒண்ணும் ஆவாது. வாய் ஜில்லுனு ஒரு எடத்துல இருக்கணும். வெளிக்காத்தே போதும்."

"கடைக்கு வர்றவன்கிட்டயும் அத்தயே சொல்லுவியா? மொத ஓட்டத்துல சத்தம்தான் வந்துச்சி, வேகம் வரலன்னு?"

"சொல்லுவேன். சத்தம் மட்டும் போதும்னு வர்றவனும் இருப்பான் வாப்பா."

அப்படித்தான் நடந்தது. பிறகு அந்தக் கடைக்கு சென்னையிலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் வேகமே கேட்கவில்லை. வெறும் கர்ஜனையை மாட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. பாய் இன்னும் வாய் திறந்து ஒப்புக்கொள்ளவில்லை. பர்ஹானா ஒரு காலில் செருப்போடு, ஒரு கால் புழுதியில், அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பாயின் செல்போன் அடித்தது. செங்கல் மாதிரி இருந்த அந்தப் போனில் பேசினால் எதிர்முனை பேசுவது வயல் முழுக்கக் கேட்கும். வீட்டிலிருந்து அவர் மனைவி ஜெய்னம்பு.

"இன்னாங்க ஆச்சி? புள்ள போறானா, இருக்கறானா?"

பாய் உள்ளங்கையிலிருந்த வாலைப் பார்த்தார். பிறகு மருமகளின் வெறும் காலைப் பார்த்தார்.

"இருக்கறான். குடோன் சாவி பீரோல இருக்குது, எடுத்து எண்ணெய் போட்டு வை. துரு புடிச்சிருக்கும்."

"காரு ஜெயிச்சிதா?"

"ஜெயிச்சிது. அப்புறமா ஒரு இறாலைத் தின்னுட்டு வயல்ல எறங்கிச்சி."

"நோம்பு இல்லாத நாள்லகூட வெயில்ல நிக்காதீங்கன்னா கேக்கறீங்களா? பக்கத்துல யாரு, நைனாவா? அவரு சொல்றதயெல்லாம் நம்பிக்கினு…"

"நைனா ஒண்ணும் சொல்லல" என்றார் பாய். "நானே பார்த்தேன் ஜெய்னம்பு. காரு இறால் தின்னுச்சி. வாலு என் கைல இருக்குது."